எட்டுக் காசும் ஒரு ஜோடி மெட்டியும்

காளிமுத்து அண்ணனைப் பற்றி எங்கள் மட்டாஞ்சேரி காலனியில் யாரைக் கேட்டாலும், "ஆளு உலோகத்தை மோந்தே சொல்லிடுவாரு" என்பார்கள். முப்பத்திரண்டு வருஷம் மாநகராட்சியில் குப்பை அள்ளியவர். ஈயமா, பித்தளையா, தகரமா என்று தட்டிப் பார்க்காமலே சொல்லுவார். அந்தத் தலைக்கனம்தான் கெடுத்தது. பக்கத்து வீட்டுக்காரி நான், சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அவருடைய அப்பா யுத்த காலத்தில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அமெரிக்கக் கப்பல்காரர்கள் கொடுத்த எட்டுக் காசுகளை, எல்லாம் ஐந்து சென்ட், மருமகள் மாயம்மாளிடம் கொடுத்து, "வெள்ளிக்காசு, பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். மாயக்கா அவற்றைப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

வெள்ளம் வந்த வருஷம் அவளுடைய மெட்டியை விற்றார்கள். அப்புறம் ஃபேன்சி கடை மெட்டிதான். இரண்டு மாதத்தில் கறுத்து, விரலெல்லாம் புண். பாவம், புருஷனிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"அந்தக் காசை உருக்கி எனக்கொரு மெட்டி செஞ்சு தாங்களேன்."

அண்ணன் உள்ளே போய், டூரிஸ்டுகள் வரும் ஜூ டவுன் தெருவில் பெருக்கும்போது ஒரு வெள்ளைக்காரி கொடுத்த ஐந்து சென்ட் காசை எடுத்து வந்தார். டப்பாக் காசு ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தார்.

"அதே தலை, அதே கட்டடம். இது நிக்கல்னா அதுவும் நிக்கல்தான். வெள்ளியாம் வெள்ளி! அப்பா சும்மா அடிச்சு விட்டிருக்காரு."

மாயக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இல்லீங்க. நம்ம காசுல கட்டடத்துக்கு மேல பெருசா ஒரு எழுத்து இருக்கு. அதுல இல்லையே?"

"பாரு லட்சுமி, கைநாட்டு எழுத்து படிக்குது!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

போன வருஷம் மாயக்கா போய்விட்டாள். சுமங்கலியை வெறுங்காலோடு அனுப்பக் கூடாதென்று நான்தான் கடைக்கு ஓடிப்போய் ஒரு முலாம் மெட்டி வாங்கி வந்து மாட்டினேன்.

போன மாதம் வெள்ளையடிக்கும்போது டப்பா கிடைத்தது. அண்ணன் அதைப் பழம்பொருள் கடைக்கார மலையாளி கிருஷ்ணபிரசாத்திடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"சேட்டா, இது யுத்தக் காசாணு. அப்போ நிக்கல் பட்டாளத்துக்கு வேண்டியிருந்துச்சு. அதான் வெள்ளி சேர்த்து அடிச்சாங்க. நூத்துக்கு முப்பத்தஞ்சு. அடையாளம் இதா, கட்டடத்துக்கு மேல இந்தப் பெரிய எழுத்து."

அண்ணன் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தார். "ஒரு ஜோடி மெட்டிக்குக் காணுமா?"

"எட்டுலயும் சேர்ந்து பதினாலு கிராம் வெள்ளி வரும். தாராளமா காணும்."

வீட்டு வாசலில் டப்பாவை என்னிடம் நீட்டினார். "நீயாவது செஞ்சு போட்டுக்கோ லட்சுமி."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கேட்டவளுக்குக் குடுக்கல, எனக்கு எதுக்கு? என் மூஞ்சில முழிக்காதீங்க!"

அவர் அப்படியே குந்தி உட்கார்ந்தார். "அவ சரியாத்தான் பாத்தா. நான்தான் சிரிச்சுட்டேன்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவரை மட்டும் திட்டி என்ன பயன்? பத்தாம் வகுப்புவரை படித்தவள் நான். அன்றைக்கு அந்தக் காசைக் கையில் வாங்கி ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அண்ணனோடு சேர்ந்து நானும்தான் சிரித்தேன். மாயக்கா டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.