தேதி வெளியே தெரியும்படி

பிரித்துப் போட்ட காரை மறுபடி சேர்த்துப் பூட்டுவதற்கு ஒரே விதிதான். கடைசியில் கழற்றியதை முதலில் மாட்ட வேண்டும். இதைச் சொல்லித் தந்தவர் குளத்தூரிலிருந்து வரும் டிங்கரிங்காரர். அதை நடத்திக் காட்ட வழி செய்தவள் என் மனைவி. அவள் இறந்து எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த விதிப்படி முதல் சாமான் பொதியைப் பிரித்தேன். வேறு செய்ய ஒன்றும் இல்லாததால் பிரித்தேன். ஆசையாகப் பிரித்தேன் என்று சொன்னால் பொய்.

அது ஒரு பழைய அம்பாசடர். நெய்யாற்றின்கரையில் ஒரு வீட்டுக்குப் பாகப்பத்திரம் எழுதப் போனபோது கொட்டகையில் கிடந்தது. பத்திரம் எழுதுவதுதான் என் தொழில். எங்கள் ஊரான கொல்லயிலில் பாதிப் பேருடைய நிலத்தின் நான்கெல்லையும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஒரு எழுத்து பிசகினால் இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு அலையும் என்பதால் எதையும் மூன்று முறை வாசிக்கிறவன் நான். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. காரின் பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மனைவி ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “முட்டையும் சேத்துத் தந்தாவளா?” என்று கேட்டாள்.

ஞாயிறு காலை அவள் கோயிலுக்குப் போவாள். நான் போவதில்லை. கல்லறைத் தோட்டத்து மதில் விஷயத்தில் கமிட்டியோடு முட்டிக்கொண்டு பல வருடம் ஆயிற்று. நான் எழுதிய எல்லை சரி, அவர்கள் கட்டிய மதில் தப்பு. அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கும் சாவுக்கும் மட்டும் போய் வந்தேன். எனவே ஞாயிறு காலை காருக்கு என்று ஆனது. அவள் ஆராதனை முடிந்து வந்து, சேலை மாற்றிவிட்டு, நான் கழற்றி வைத்ததை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைப்பாள். பிறகு அன்று கோயிலில் கொடுத்த தாளில் பொதிந்து அலமாரியில் வைப்பாள். தாளின் முன்பக்கம் தேதி, பாட்டு எண்கள், வேதபாடம். பின்பக்கம் அறிவிப்புகள். தாளில் பொதிவது அவள் யோசனை. தேதி வெளியே தெரியும்படி மடிக்க வேண்டும் என்பது என் கட்டளை. தேதியைப் பார்த்துத்தானே எது முன்னால் எது பின்னால் என்று கண்டுபிடிக்க முடியும்.

கோயிலில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அவள் ஒரு ரசகதலி வாழைக்குலை எடுத்தாள். மறுநாள் அதை அடுக்களை உத்தரத்தில் கட்டிக்கொண்டே, மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்றாள்.

“எப்பமிருந்து?”

“கொஞ்ச நாளாட்டு உண்டு.”

அவ்வளவுதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, இரண்டு மாதம் முந்தி வந்திருக்கலாமே என்றார். சிகிச்சை தொடங்கிய பிறகும் சில ஞாயிறு அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பொதிந்தாள். பிறகு முடியவில்லை.

அவள் போன பிறகு எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான். அழுகை வரவில்லை. ஏன் ஒளித்தாள் என்ற ஒரே கேள்வி. ஆனால் என்னிடம் மட்டுமல்ல, மகளிடமும் சொல்லவில்லை, ஒருவரிடமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரேபோல ஒளித்தாள் என்பதில் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த எட்டு மாதமும் சோறு தின்றேன்.

முதல் சில பொதிகள் பண்டிகைக்குப் பிந்தியவை. பின்பக்கத்தில் ‘சுகத்துக்காக ஜெபிக்க வேண்டியவர்கள்’ என்ற பட்டியலில் அவள் பெயர் இருந்தது. இருக்கத்தானே செய்யும். அந்தத் தாள்களைக் கீழே விரித்து, எண்ணெய் சொட்டாமல் அதன் மேலேயே சாமான்களை வைத்தேன். அடுத்தது பண்டிகைத் தாள். அதில் பட்டியல் இல்லை, பண்டிகை நிகழ்ச்சிகள் மட்டும். அதற்கு அடுத்தது, பண்டிகைக்கு முந்திய ஞாயிறு. கண்ணாடி இறக்கும் கைப்பிடியை அதிலிருந்து எடுத்துவிட்டுத் தாளைத் திருப்பி விரித்தேன். நாலாவது வரியில் அவள் பெயர், எங்கள் வீட்டுப் பெயரோடு.

தேதியில் அச்சுப் பிழை என்றுதான் முதலில் தோன்றியது. என் தொழில்புத்தி அப்படி. முந்திய வாரத்துப் பொதியைப் பிரித்தேன். அதிலும் இருந்தது. அன்று விதியை விட்டுவிட்டு அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் பிரித்தேன். பண்டிகைக்கு முன்னால் ஒன்பது ஞாயிறு அவள் பெயர் இருந்தது. பத்தாவதில் இல்லை.

மதியத்துக்கு மேல் டிங்கரிங்காரர் வந்தார். அவரும் எங்கள் கோயில்காரர்தான். தாளை நீட்டி, இது எப்படி இதில் வந்தது என்று கேட்டேன்.

“அக்கா எழுதிக் குடுத்ததாக்கும் சாரே. துண்டுச்சீட்டு எழுதிப் பெட்டியில போட்டா அடுத்த வாரம் அடிச்சு வரும்.”

“உமக்கு அப்பவே தெரியுமா?”

“கோயிலுல எல்லாருக்கும் தெரியும். ஒம்பது வாரமும் பேரு சொல்லி ஜெபிச்சோம்.” கொஞ்ச நேரம் ஸ்பானரைத் துடைத்தார். “சாருக்குத் தெரியாம இருக்குமாண்ணு ஆரும் உங்ககிட்ட பறையல்ல.”

நான் சரி என்றேன். அன்று ரேடியேட்டரை மாட்டினோம். அளவாக உட்கார்ந்தது. அவருக்குச் சந்தோஷம், எனக்கு ஒன்றும் இல்லை. சாயங்காலம் மகள் போன் செய்தபோது ரேடியேட்டர் மாட்டிய விஷயத்தைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. ஒளிப்பது எவ்வளவு எளிது என்று அப்போது தெரிந்தது.

ஆனால் அவள் ஒளித்தாள் என்று இப்போது சொல்ல முடியாது. ஒன்பது வாரம் அது என் வீட்டு அலமாரியில், என் சாமான்களைச் சுற்றி இருந்தது. ஊருக்கெல்லாம் பத்திரம் வாசிக்கிறவன் தேதியை மட்டும் வாசித்தேன். வெட்கமாக இருந்தது. எட்டு மாதத்தில் கோபம் அல்லாத ஒன்று எனக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் தாள்களை வரிசையாக அடுக்கும்போது, ஒன்பதில் மிகப் பழையதை, அவள் பெயர் முதன்முதலில் வந்ததை, கையால் நீவினேன். டிரைவர் பக்கத்துக் கதவுப் பூட்டைப் பொதிந்திருந்த தாள். மற்ற தாள்களில் மடிப்பு ஒரு பக்கமாகத்தான் இருந்தது. இதில் ஒவ்வொரு மடிப்பும் இரண்டு பக்கமும் முறிந்திருந்தது. ஒருமுறை ஒருவிதமாக மடித்து, பிறகு அதையே புறம் மாற்றி மடித்திருக்கிறாள்.

ஏன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நினைவுக்கு வந்துவிட்டது. அந்த ஞாயிறு நான் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். எப்போதும் பொதியை நேரே அலமாரியில் வைக்கிறவள் அன்று கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பெயர்கள் வரிவரியாகத் தெரிந்தன. தேதியைக் காணவில்லை.

“தேதி எங்க? திருப்பி மடி,” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, பொதியைப் பிரித்து, திருப்பி மடித்து, மறுபடியும் காட்டினாள். நான் பார்த்துவிட்டு, “இப்பம் சரி,” என்றேன்.