ரியோவில் கர்ச்சீப் போட்ட அண்ணி

பூப்போட்ட சிவப்புக் கைக்குட்டை ஒன்று என் கைப்பையில் எப்போதும் இருக்கும். என் பெரியண்ணனின் மனைவி வைத்திருந்தது. அண்ணி தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு மின்சார ரயிலில் போய்வந்த அரசாங்க குமாஸ்தா. வண்டி பிளாட்பாரத்தில் நிற்பதற்குள் ஜன்னல் கம்பி வழியாகக் கர்ச்சீப்பைச் சீட்டில் எறிந்துவிடுவார். பிறகு நிதானமாக ஏறுவார். அந்தச் சீட்டில் ஒரு ஈ உட்கார்ந்திருக்காது. எங்கள் ஊரில் அதற்கு மேல் சட்டம் கிடையாது.

எழுபதுகளில், கிறிஸ்தவப் பெண்கள் மாநாடு ஒன்றுக்கு எங்கள் சபை அண்ணியையும் என்னையும் ரியோ நகரத்துக்கு அனுப்பியது. அண்ணி இங்கிலீஷில் பேச, நான் டைப் அடிக்க. அதற்குள் அண்ணிக்கு இடது கண் முழுவதும் போயிருந்தது. வலது கண்ணும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாநாடு முடிந்த மறுநாள் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டினார்கள். மலைமேல் கைவிரித்து நிற்கும் இயேசு சிலை, பஸ் மேலே ஏறும்போது வலப்பக்க ஜன்னலில் தெரியும் என்றார் கழுத்தில் பூப்போட்ட கைக்குட்டை கட்டியிருந்த வழிகாட்டி அம்மாள். அதைக் கேட்டதிலிருந்து அண்ணிக்கு வேண்டியதெல்லாம் வலப்பக்க முன் சீட்டு ஒன்றுதான்.

பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பைப் போட்டார். முன்னால் ஏறிய வெள்ளைக்கார அம்மாள் ஒருவர், பாவம் யாரோ தவறவிட்டார்கள் என்று அதை எடுத்துச் சிரித்த முகத்தோடு அண்ணியிடமே கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். கடற்கரையில் எல்லாரும் இறங்கியபோது மறுபடி போட்டார். தடியான மனிதர் ஒருவர் அதை எடுத்து, அழகாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் அவரும் உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணு விஷயத்தைச் சொல்லிடலாம் அண்ணி. எழுந்து குடுப்பாங்க."

"சொன்னா பாவம்னு குடுப்பாங்க. கர்ச்சீப் போட்டா அது என் சீட்டு. நீ பேசாம வா."

சாப்பாட்டு நேரத்தில் வழிகாட்டி அம்மாளிடம் எங்கள் தாம்பரத்து வழக்கத்தை மட்டும் விளக்கினேன். கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். சாப்பிட்டு முடித்துப் பஸ்ஸில் ஏறினால், முன் சீட்டில் பூப்போட்ட சிவப்புக் கைக்குட்டை கிடக்கிறது.

"யாரோ போட்டுட்டாங்க, வா" என்று அண்ணி பின்சீட்டைப் பார்த்து நடந்தார். அடுத்தது மலைதான் என்று தெரியும். தெரிந்தும் நடந்தார். அப்படிப்பட்ட மனுஷி அவர். வழிகாட்டி அம்மாள் பின்னாலேயே ஓடிவந்து, தன் வெறுங்கழுத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்து, கையைப் பிடித்து அழைத்துப்போய் அந்தச் சீட்டில் உட்காரவைத்தார்.

ஒரு வளைவில் சிலை தெரிந்தது. அண்ணி இமைக்காமல் பார்த்தார்.

"எவ்ளோ அகலமா கையை விரிச்சிருக்காரு பாரு. நம்ம ட்ரெயின்ல ஏறினா நாலு பேர் சீட்டு போயிடும்" என்றார். சொல்லிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். இறங்கும்போது கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த அம்மாள் வாங்கவே இல்லை.

வலது கண்ணும் பிறகு போனது. ஆனால் அந்தச் சிலையைப் பற்றி யார் கேட்டாலும், எதிரே நிற்பதுபோல அண்ணி விவரிப்பார். அவர் போன பிறகு கைக்குட்டை என்னிடம் வந்தது.

போன வாரம் தாம்பரத்தில் அதை ஜன்னல் வழியாகச் சீட்டில் போட்டேன். உள்ளே, கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிய ஒரு பெண் அதை எடுத்து வெளியே நீட்டினாள்.

"ஆன்ட்டி, உங்க கர்ச்சீப் விழுந்துடுச்சு."

"விழல கண்ணு. போட்டேன்."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அதைச் சீட்டிலேயே விரித்து, நான் ஏறி வரும்வரை கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.