கருடன் தூக்கிச் சென்ற மீன்

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் இது நடந்தது. அப்போது நான் கேமரா வாங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. புத்தூரில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் கவுன்டரில் எனக்கு வேலை. நாள் முழுக்க முகம் சுளிக்கிற மனிதர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், வாரத்தில் ஒரு நாளாவது என்னிடம் சண்டைக்கு வராத எதையாவது பார்க்கலாமே என்றுதான் பறவைப் படம் எடுக்க ஆரம்பித்தேன். அதிலும் பருந்து, வல்லூறு, ஆந்தை என்று வேட்டையாடுகிற பறவைகள் மேல் எனக்கு ஒரு தனிப் பைத்தியம். சாந்தமான பறவைகளை ஏன் பிடிக்கவில்லை என்று என் கணவர் கேட்பார். "உங்களைக் கல்யாணம் பண்ணிண்டாச்சே, சாந்தத்துக்கு அது போதாதா" என்பேன்.

தனியாகச் சுற்றப் பயந்து, படம் எடுப்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்தேன். அதை நடத்தியவரை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். மனிதர் விஷயம் தெரிந்தவர். ரொம்பக் கண்டிப்பு. கூட்டின் பக்கம் போகக் கூடாது, உட்கார்ந்திருக்கிற பறவையைப் பறக்கவைக்கக் கல் எறியக் கூடாது, போனில் அதன் குரலைப் போட்டு ஏமாற்றிக் கூப்பிடக் கூடாது, கூடு இருக்கும் இடத்தை வெளியில் சொல்லவே கூடாது. ஒவ்வொரு முறையும் டீ குடிக்கும்போது இதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். ஒருமுறை ஆந்தைப் பொந்துக்கு அருகில் நான் இரண்டடி அதிகமாகப் போய்விட்டேன் என்று எல்லோர் முன்னிலும் என்னைக் கடிந்துகொண்டார். எனக்கு வாய் ஜாஸ்தி, யாரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டு சும்மா வருபவள் இல்லை. அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. இப்படி ஒருத்தர் இருப்பதால்தான் பறவைகள் பிழைத்திருக்கின்றன என்று வீட்டில் வந்து சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் முன்னாலேயே வந்திருந்தார். பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. பக்கத்தில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. இடம் பார்க்க இறங்கியிருப்பார், உட்கார வாளி கொண்டுவந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆற்றில் தண்ணீர் வற்றி, மணல் திட்டுகளுக்கு நடுவில் குட்டை குட்டையாகத்தான் கிடந்தது. ஒரு குட்டையைக் காட்டி, வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி எங்களை உட்காரவைத்தார். தூரத்தில் இதே கரையில் ஒரு பெரிய மருத மரம். அதன் உச்சியில் கருடனின் கூடு இருக்கிறது, லென்ஸ் வழியாகப் பார்த்தால் இரண்டு குஞ்சுத் தலை தெரியும், ஆனால் ஒருத்தரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்றார். பார்த்தேன். பஞ்சு மாதிரி இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒருத்தரும் அந்தப் பக்கம் நகரவில்லை.

கருடனை எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது. செங்கல் நிற இறக்கையும் வெள்ளைக் கழுத்துமாக அது கோபுரத்துக்கு மேலே வட்டமிட்டால், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள்கூட நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எப்போதும் அண்ணாந்து பார்த்த பறவை அன்றைக்கு என் கண் மட்டத்துக்கு இறங்கி வந்தது. குட்டையில் மிதந்த ஒரு மீனை இரண்டு காலாலும் அள்ளி, தண்ணீர் சொட்டச் சொட்ட என்னை நேராகப் பார்த்துக்கொண்டே எழும்பி, மருத மரத்துக்குப் போனது. நான் பட்டனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. கேமராவில் திருப்பிப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒவ்வொரு இறகும் தெரிந்தது. "உங்களுக்கு இன்னிக்கு நல்ல யோகம் மேடம்" என்றார் அண்ணா.

வீட்டுக்கு வந்து கணவரிடம் காட்டினேன். என் கேமரா விலையைச் சொல்லிச் சொல்லியே என்னைப் படுத்தி எடுத்தவர், அந்தப் படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெருமாளைச் சுமக்கிற பெரிய திருவடியே இறங்கி வந்து சேவை சாதித்திருக்கிறார், இதைப் பெரிதாகப் போட்டுப் பூஜை அறையில் மாட்டியே ஆகவேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒரு சிக்கல். நாங்கள் வெங்காயத்துக்கே நாள் பார்க்கிற குடும்பம். மீன் விற்கிற வண்டி தெருமுனையில் போனாலே அவர் ஜன்னலைச் சாத்துவார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"கருடன் அப்படியே இருக்கட்டும். மீனை மட்டும் எடுத்துடச் சொல்லேன்."

மறுநாள் வேலை முடிந்து ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போனேன். மீனை எடுத்துவிட்டு வெறும் காலாக்க வேண்டும் என்று சொன்னதும் ஸ்டூடியோக்காரருக்குச் சிரிப்பு. படத்தைக் கணினியில் போட்டு, மீன் இருக்கும் இடத்தை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கினார். அதுவரை நான் அந்த மீனைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கருடனின் கண்ணைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன், தண்ணீர்த் துளியைக்கூடப் பார்த்தேன். மீனை யார் பார்ப்பார்கள்?

"மேடம், இது வாயில ஏதோ வெள்ளையா இருக்குங்களே?" என்றார்.

வெளிச்சம் பட்டிருக்கும் என்றேன். இன்னும் பெரிதாக்கினார். திறந்திருந்த மீன் வாயை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கட்டி. அதில் சின்னச் சின்ன மணிகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. செதிலும் இல்லை, சதையும் இல்லை. அவர் திரும்பி, பாஸ்போர்ட் படம் எடுக்கும்போது முகத்தில் வெளிச்சம் விழுவதற்காகச் சுவரில் சாய்த்துவைத்திருந்த தெர்மாகோல் அட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதன் உடைந்த ஓரத்தில் அதே மணிகள்.

முழங்கால் நனைந்த பேன்ட், மூடி போட்ட வாளி, எங்களை உட்காரவைத்த இடம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. உடனே போனில் அண்ணாவைக் கூப்பிட்டேன். ஸ்டூடியோ வாசலில் நின்றுகொண்டே பேசினேன். இல்லை மேடம், என்ன சொல்றீங்க என்று அவர் மறுத்திருந்தால்கூட நம்பியிருப்பேன். நம்பத்தான் ஆசைப்பட்டேன். அவரோ சர்வசாதாரணமாகச் சொன்னார்.

"செத்த மீன் முழுகிடும் மேடம். மிதக்க வேணாமா? அதான் வாயில கொஞ்சம் அடைக்கிறது. எல்லா ஊர்லயும் பண்றதுதான்."

"அது குஞ்சுக்கு எடுத்துட்டுப் போச்சே அண்ணா."

"அதெல்லாம் துப்பிடும். உங்க படம் பிரமாதமா வந்திருக்கு, போட்டிக்கு அனுப்புங்க. அந்த வாயை மட்டும் லேசா டச் பண்ணிடுங்க."

கோபத்தில் கத்தியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? போனை வைத்துவிட்டேன். டீக்கடையில் அந்த மனிதர் விரல்விட்டு எண்ணிச் சொன்ன அத்தனை விதிகளும் காதில் ஓடின. கல் எறியாதே என்று சொன்ன அதே கைதானே விடியற்காலையில் உட்கார்ந்து மீன் வாயில் தெர்மாகோலைத் திணித்தது? அன்றைக்கு இரவு, பெரிதாக்கிய அந்த மீன் வாயை அப்படியே குழுவில் போட்டுக் கேள்வி கேட்டேன். காலையில் பார்த்தால் குழுவில் நானே இல்லை, அண்ணா நீக்கிவிட்டிருந்தார். என்னோடு ஆற்றுக்கு வந்தவர்களில் ஒரே ஒருவர் மட்டும் தனியாகச் செய்தி அனுப்பினார். அவருக்கு முன்பே தெரியுமாம். பேசினால் அண்ணா அடுத்த முறை அழைத்துப் போகமாட்டார் என்று சும்மா இருந்துவிட்டாராம்.

அந்தக் கட்டி குஞ்சுகளின் வயிற்றுக்குள் போயிற்றா, இல்லையா? எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. தென்னை ஏறுகிற ஒருவரை மரத்தில் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று துடித்தேன். நல்லவேளை, அதற்கு முன் வனத்துறையில் ஒருவரிடம் போனில் பேசினேன். "ஏறாதீங்கம்மா. ஆள் ஏறினா தாய் கூட்டுக்கு வராம போயிடலாம், மிரண்டு குஞ்சு கீழ விழுந்துடும். தள்ளி நின்னு பாருங்க, குஞ்சு கீழ விழுந்தா உடனே கூப்பிடுங்க" என்றார். ஆற்றில் நடந்ததை எழுதி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். கரைக்கு ஆள் அனுப்புவதாகவும் சொன்னார். ஆக, தெரிந்துகொள்ள வழியே இல்லை. உதவி செய்யப் போனால் அதுவே கொன்றுவிடும்.

அதனால் தள்ளி நின்று பார்த்தேன். தினமும் வேலைக்குப் போகும் முன் ஸ்கூட்டியில் கொள்ளிடக் கரைக்குப் போவேன். படித்துறையில் உட்கார்ந்து லென்ஸ் வழியாக அந்தக் கூட்டைப் பார்ப்பேன். ஒரு படம்கூட எடுக்கவில்லை, மனசு வரவில்லை. இரண்டு தலையும் தெரிந்த நாளில் கவுன்டரில் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவேன். தெரியாத நாளில் என் வாயில் விழுந்தவர்கள் பாவம். கணவர் முதலில் பைத்தியமா உனக்கு என்றார். பிறகு அவரும் நெற்றியில் திருமண்ணோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். எத்தனை என்று மட்டும் கேட்பார். இரண்டு என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

ஒரு நாள் ஒரு தலைதான் தெரிந்தது. இன்னொன்று படுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டோம். மறுநாளும் ஒன்று. அதற்கு அடுத்த நாளும் ஒன்றுதான். அன்றைக்கு அவர் எத்தனை என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தின் கீழே போய்த் தேடக்கூட எங்களால் முடியாது. மிச்சமிருந்த ஒன்றையும் மிரட்டிவிடக் கூடாதே.

அந்த ஒன்று வளர்ந்தது. பங்குனி முடியும் சமயம் கிளைக்குக் கிளை தத்தி, ஒரு நாள் தாயின் பின்னால் ஆற்றைக் கடந்து பறந்தது. கூடு காலியாகிவிட்டது என்று நிச்சயமான பிறகுதான் முதல் முறையாக அந்த மருத மரத்தடிக்குப் போனோம். எச்சமும் இறகும் மீன் முள்ளுமாக ஒரே நாற்றம். என் கணவர் எட்டவே நிற்பார் என்று நினைத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டே வந்தார். நான் தேடியது ஒரு கட்டியைத்தான். ஆனால் அங்கே முள்ளுக்கு நடுவிலும் சருகுக்கு அடியிலும் வெள்ளை வெள்ளையாக மணிகள். மழுங்கியவை, புதியவை, துண்டாக உடைந்தவை. காலால் கிளறக் கிளற வந்துகொண்டே இருந்தன. நாங்கள் உட்கார்ந்த அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தவை அல்ல இவை. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனை பிரமாதமான படங்கள்! சற்றுத் தள்ளி வேரிடுக்கில் ஒரு குஞ்சின் இறகுகளும் எலும்பும் கிடந்தன. எறும்பும் நாயும் விட்டுவைத்தது அவ்வளவுதான். எதனால் செத்தது என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. காக்கையாக இருக்கலாம், பட்டினியாக இருக்கலாம்.

நான் மரத்தில் சாய்ந்து அழுதேன். நிமிர்ந்து பார்த்தால், மீன் வண்டிக்கு ஜன்னலைச் சாத்துகிற மனிதர் தரையில் குந்தி, மீன் முள்ளை விலக்கி விலக்கி அந்த மணிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். தாய் அடுத்த வருடமும் இங்கேதானே வரும் என்றார். வெகுநேரம் பொறுக்கினோம்.

திரும்பி வரும் வழியில் அந்தப் படத்தை அழித்துவிடப் போகிறேன் என்றேன். வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் சொன்னார்.

"அழிக்காதே. பூஜை அறையிலயும் வேண்டாம். கூடத்துல மாட்டு, மீனோட."

மாட்டிவிட்டோம். வருகிறவர்கள் முதலில் கருடனைப் பார்த்துக் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோகிறார்கள். பிறகு, என்ன மாமி உங்காத்துல மீன் படமா என்று சிரிக்கிறார்கள். கிட்டே போய் அதன் வாயைப் பாருங்கோ என்கிறேன். பார்த்துவிட்டு அது என்ன என்று கேட்கிறார்கள், சொல்கிறேன். கன்னத்துக்குப் போன கை அதற்குள் இறங்கியிருக்கும். நான் எடுத்ததிலேயே அழகான படம் அதுதான். அந்த மீனைத் தின்றது பறந்துபோன குஞ்சா, பறக்காமலே போன குஞ்சா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.