ஆடாத விளக்கு

குன்வோர் லிட்ஸ்ட்ரோம் காபிக் கோப்பையும் கையுமாக உட்கார்ந்து, சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் விளக்கை முறைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம். மாடி வீட்டில் ஆள் இருக்கிறது, குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. ஆனாலும் விளக்கு அசையவில்லை. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். குன்வோருக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அவர் பிழைப்பே சந்தேகப்படுவதுதான். வடக்கு ஸ்வீடனின் அந்த ஆற்றங்கரை ஊரில் அடுக்குமாடி வீடுகளைக்கூட மரத்தில்தான் எழுப்புகிறார்கள். மரத்தில் கட்டினால் காற்றில் கலக்கும் கார்பன் குறையும் என்று கட்டுகிறவர்கள் மார்தட்டுவார்கள். குறைகிறதா, கதை விடுகிறார்களா என்று துருவுவது வீடு கட்டும் நிறுவனத்தில் குன்வோரின் வேலை. பலகை வந்து இறங்கினால் எல்லாரும் அதன் வழவழப்பைத் தடவிப் பார்க்க, இவர் நேரே லாரி ஓட்டுநரிடம் போய், எங்கிருந்து வருகிறீர்கள் என்பார். "ஆத்துக்கு அந்தக் கரையில வெட்டின மரம். கடல் தாண்டிப் போய் பசை ஒட்டிக்கிட்டுத் திரும்பி வருது. இதுக்குப் பேரு உள்ளூர் மரமா?" என்று ஒருநாள் பிடித்துக்கொண்டார். லாரியைத் திருப்பி அனுப்பினால் இன்னும் புகையாகுமே என்றுதான் மனசில்லாமல் இறக்கவிட்டார்.

கடையில் பால் வாங்கினால் தேதியைப் படித்த பிறகும் முகர்ந்து பார்ப்பார். ரொட்டிப் பொட்டலத்தில் பச்சை இலை படம் போட்டிருந்தால் அதைத் தொடவே மாட்டார். இலை போட்டு எதையோ மறைக்கிறான் என்பது அவர் கட்சி. நல்ல மனுஷிதான், ஆனால் அவரோடு கடைக்குப் போய்வருவது பெரும்பாடு.

அவருக்கு ஆகவே ஆகாதது சிமெண்ட். மரத்தளத்தில் மேலே நடந்தால் கீழே தொம் தொம்மென்று கேட்கும், தொங்கும் விளக்கும் ஆடும். அதை அடக்க ஒவ்வொரு மாடியிலும் சிமெண்ட் ஊற்றிவிடுவார்கள். மரத்தில் மிச்சம் பிடித்த கார்பனில் பாதி அந்தச் சிமெண்டைச் சுட்டெடுக்கும் புகையிலேயே போய்விடும். "மர வீடுன்னு பேரு. வயித்தைக் கிழிச்சுப் பாத்தா பூரா சிமெண்ட்டு," என்பார். சண்டை போட்டு, இந்த ஒரு கட்டடத்தில் மட்டும் சிமெண்டுக்குப் பதிலாக ஆற்றங்கரை மணலை உலர்த்திப் பலகைகளுக்கு நடுவே நிரப்ப வைத்தார். நாளைக்கு வீட்டைப் பிரித்தாலும் மணல் மணலாக, மரம் மரமாகக் கைக்கு வரும். காலடிச் சத்தம் கேட்கும், ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள் என்று இஞ்சினியர் மால்டே மறித்தார். அப்படியானால் நானே கீழ்வீட்டில் குடியிருந்து பார்க்கிறேன் என்று சொல்லி, வேண்டுமென்றே சிக்ஸ்டன் பூர்மனின் வீட்டுக்கு நேர் கீழே குடிவந்தார். சிக்ஸ்டன் மர அறுவை ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு.

குளிர்காலம் முழுக்க விளக்கு ஆடவில்லை. அந்த ஊரில் யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை, பொதுச் சலவையறைச் சுவரில் சீட்டு ஒட்டுவதோடு சரி. அங்கேயும் ஒரு சீட்டு வரவில்லை. மால்டேயே நேற்று போனில் மனம் குளிர்ந்து பேசினார். திங்கட்கிழமை கூட்டத்தில் குன்வோர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்து வரும் வீடுகளுக்கெல்லாம் மணல்தான். குன்வோரின் வார்த்தை பொய்த்தால்? குடிவந்தவர்கள் கூச்சல் போடுவார்கள், அப்புறம் இந்த ஊரில் யாருமே மணல் என்ற பேச்சை எடுக்க மாட்டார்கள். "நல்ல சேதி இவ்வளவு லேசுல வராது, தம்பி," என்று சொல்லிப் போனை வைத்த குன்வோருக்கு அதற்குப் பிறகு சோபாவில் உட்காரப் பிடிக்கவில்லை.

காபி ஆறிப்போனது. எழுந்து மாடிக்குப் போனார்.

கதவைத் திறந்த சிக்ஸ்டனின் காலில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை. கூடம் முழுக்கக் கம்பளம். நாற்காலிக் கால்களுக்குக்கூடத் துணி சுற்றியிருந்தது. அவ்வளவு பெரிய ஆள், பால் திருடப் போகும் பூனை மாதிரி நுனிக்காலில் நடந்து வந்து நின்றார்.

"எப்பவும் இப்படித்தான் நடப்பீங்களா?"

"கீழ நீங்க இருக்கீங்க. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான்..."

"மணலைச் சோதிக்கணும்னு சொல்லி, சாதாரணமாத்தானே நடக்குறீங்கன்னு அன்னிக்கே படிக்கட்டுல கேட்டேனே?"

சிக்ஸ்டன் உதட்டைக் குவித்து 'ஷ்ஷப்' என்று மூச்சை உள்ளே இழுத்தார். அந்தப் பக்கத்தில் ஆமாம் சொல்வது அப்படித்தான். இலையுதிர்காலத்தில் இதே மூச்சைத்தான் பதிலாக வாங்கிக்கொண்டு குன்வோர் கீழே இறங்கியிருந்தார். ஊரில் ஒருத்தரை விடாமல் சந்தேகப்பட்டவர், மாடி வீட்டுக்காரரின் மரியாதையை மட்டும் சந்தேகப்பட மறந்துபோனார். அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஜன்னலோரம் வானொலிப் பெட்டி, மேலே துணி போர்த்தியிருந்தது. நடனப் பாட்டு வந்தால் கால் சும்மா இருக்காதாம், அதனால் குளிர்காலம் முழுக்க அதைத் திருகவே இல்லையாம். அதைச் சொல்லும்போது அந்த மனிதர் முகத்தில் ஏதோ தியாகம் செய்த திருப்தி. குன்வோருக்குத் திட்டவும் வாய் வரவில்லை, பாவம் என்று விடவும் முடியவில்லை. கம்பளத்தைத் தானே குனிந்து சுருட்டினார். கதவோரம் கிடந்த ஆலைக்காலத்து மரச்செருப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"ஆடுங்க."

"உங்களுக்குக் கேட்டுருச்சுன்னா? உங்க மணலு போயிருமே."

"போனா போகட்டும். கேட்டதைத்தான் நாளைக்குச் சொல்லுவேன். நான் துடைப்பக் கம்பால கூரையில தட்டுனா நிறுத்தச் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. இன்னும் பலமான்னு அர்த்தம்."

கீழே வந்து விளக்கின் அடியில் உட்கார்ந்தார். மேலே பாட்டு தொடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு காலடி. ரெண்டு தெரு தள்ளி யாரோ கம்பளம் தட்டுகிற மாதிரி மந்தமாக, ஆனால் கேட்டது. விளக்கு அசையவில்லை.

குன்வோர் நாற்காலி மேல் ஏறி, விளக்கை விரலால் ஒரு தள்ளு தள்ளினார். அது தாராளமாக ஆடியது. இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். இறங்கி வந்து துடைப்பத்தை எடுத்து, கூரையில் ஓங்கித் தட்டினார்.