மேடென்று நம்பிய மலை

எங்கள் ஊர் சேத்தியாத்தோப்பு. வெள்ளாற்றில் தண்ணீர் ஏறினால் மேட்டுக்கு ஓட வேண்டும். எங்களுக்குத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான். ஊட்டியில் அந்தப் பாடமே எங்கள் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

'தோட்டத்தில் தங்கலாம், நீங்களே கேரட் பிடுங்கலாம்' என்ற விளம்பரத்தை நம்பி நானும் என் கணவரும் போனோம். மலையைச் செங்குத்தாக வெட்டி, அதன் அடியிலேயே புதிதாக அறைகள் கட்டியிருந்தார்கள். மறுநாள் காலையிலிருந்து விடாத மழை.

"இவ்ளோ ஒயரத்துல வெள்ளமா வரப்போவுது? நீ டீயக் குடி" என்றார் கணவர். நானும் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின்சுவர் ஓரமாகச் செம்மண் தண்ணீர் கசிந்தது. அறையைப் பெருக்க வந்த பெண் அதைப் பார்த்ததுமே, "அக்கா, மண்ணு எறங்குது, வெளிய வாங்க!" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நாங்கள் மூவரும் ரோட்டுக்கு வருவதற்குள் மலை சரிந்து, கட்டிலோடு அறையை மூடிவிட்டது.

உரிமையாளர் சாவகாசமாக வந்தார். "மலைன்னா இதெல்லாம் சகஜம்மா. டூரிஸ்ட் வந்தாத்தானே ஊர் வளரும்?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்களப் பொதைச்சா வளக்கப் போறீங்க?" என்று கத்திவிட்டேன்.

இப்போதெல்லாம் மலையில் அறை எடுக்கும் முன், பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். போன வாரம் தங்கையின் போனிலிருந்து அந்த உரிமையாளரிடமே அப்படிக் கேட்டேன். உடனே படம் வந்தது. முன்பக்க ஜன்னலும், கேரட் தோட்டமும்!