தம்பிக்காகச் செய்த இணையதளம்

எவர் காதிலும் விழாத அழைப்பை அழைப்பென்று சொல்லலாமா? சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போன தம்பிக்காக, ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக், கம்ப்யூட்டர் புத்தகம் ஒன்றைப் பார்த்துத் தானே ஓர் இணையதளம் செய்தார். தம்பியின் படம், கடை ஃபோன் எண், “கோபம் போதும்டா, கூப்பிடு” என்று ஒரு வரி. ஓராண்டு ஃபோனைவிட்டு நகரவில்லை.

ஒருநாள் மகள் தன் ஃபோனில் அதைத் தேடினாள், வரவில்லை. அவருடைய கம்ப்யூட்டரைப் பார்த்ததும் புரிந்தது.

“அப்பா, இதை நீங்க இணையத்துல ஏத்தவே இல்ல. இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு. நீங்களே எழுதி நீங்களே படிச்சிருக்கீங்க!”

“அப்போ அவன் பார்க்கவே இல்லியா?”

“யாருமே பார்க்கலப்பா.”

எல்லாவற்றையும் சரிசெய்து, “இந்த பட்டனை அழுத்துங்க, போதும், இணையத்துல ஏறிடும்” என்றாள்.

“பார்க்காததாலதான் அவன் கூப்பிடல” என்று அவர் தம்பியின் படத்தைப் பார்த்தார். கம்ப்யூட்டரை அணைத்தார். கடைசிவரை அந்த பட்டனை அழுத்தவில்லை.