ஏழாம் வளைவில் கிடந்த கறுப்புக் கல்

பிரிகிதா எபாலான் எங்கள் ஊருக்கு இடாங் அக்கா. குரோமியச் சுரங்கம் ஓடிய காலத்தில் இருபத்திரண்டு வருடம் அங்கே கல் பொறுக்கியவள். ஓடும் பட்டையில் வரும் கற்களில் பச்சையைத் தூக்கி எறிய வேண்டும். மிஞ்சும் கறுப்புதான் தாது; அது உலைச் செங்கல் செய்யக் கப்பலேறும். கண்ணைக் கட்டிவிட்டாலும் கனத்தை வைத்தே கறுப்பு எது என்று சொல்லிவிடுவாள்.

சுரங்கம் மூடியதும் பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து ஏரியாகிவிட்டது. இப்போது அதில் திலாப்பியா மீன் பிடிக்கிறோம். அக்கா பழைய எடைமேடைக்குப் பக்கத்தில் சர்க்கரை பூசிப் பொரித்த வாழைப்பழம் விற்கிறாள்.

போன வருடம் மணிலாவிலிருந்து இலாகன் என்ற பேராசிரியர் மாணவர்களோடு வந்தார். சம்பாலெஸ் மலை முழுக்க ஒரு காலத்தில் கடல் தரைக்கும் கீழே கிடந்த பாறை, நிலம் நெருக்கி மேலே தள்ளிவிட்டது என்றார்.

"பலாப்பழத்துல சுளை மாதிரிதான் தாது இருக்கும். ஒண்ணு தீர்ந்தா அடுத்தது எங்கேன்னு யாருக்கும் தெரியாது. அதான் மூடிட்டாங்க."

"அப்ப தோண்டினவனுக்கும் தெரியாது, படிச்சவனுக்கும் தெரியாது," என்றாள் அக்கா. "பழம் ஆறுது, சாப்பிடுங்க சார்."

மூன்றாம் நாள், துறைமுகம் போகும் பாதையின் ஏழாம் வளைவில், புல்லுக்கடியில் முப்பதடி நீளத்துக்குக் கறுப்புக் கல்லைக் கண்டுபிடித்தார் இலாகன். பூமிக்குள் பெரிய சுளை ஒன்று இருக்கலாம் என்று அவர் சொன்னதுதான் தாமதம், ஊர்த்தலைவர் மெல்ச்சோர் பன்றி அடித்து விருந்து வைத்தார். பரணில் கிடந்த சுரங்கத் தலைக்கவசங்களுக்கெல்லாம் சோப்புக் குளியல் நடந்தது. அக்கா மட்டும் விருந்துக்கு வரவில்லை. நான் சோறு எடுத்துக்கொண்டு போனபோது, சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அது அவள் புருஷன் நாந்தோவுடையது. பதினெட்டு வருடம் ஒரு கல்கூடச் சிந்தாத லாரி ஓட்டுநர் என்று கம்பெனி கொடுத்தது. அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது.

மறுநாள் காலையில் இலாகன் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"சார், அது மலையோட கல்லு இல்ல. எங்க வீட்டுக்காரர் கொட்டினது. மழையில பிரேக் பிடிக்காம லாரி ஒருபக்கமா சாஞ்சு கல்லு மொத்தமும் கொட்டிடுச்சு. தெரிஞ்சா வேலை போயிடும்னு என்னை வந்து கூப்பிட்டார், ராத்திரியோட ராத்திரியா ரெண்டு பேருமா மண்ணள்ளி மூடிட்டோம்."

அவர் நம்பவில்லை. அக்கா அவரை வளைவுக்கே கூட்டிப் போனாள்.

"மலையில பொறந்த கல்லுன்னா ஓரத்துல பச்சை ஒட்டிட்டு இருக்கும். இதுல ஒண்ணுலயாச்சும் இருக்கா, பாருங்க. இருக்காது. நான் பொறுக்கின கல்லு."

இலாகன் மண்வெட்டியை வாங்கித் தோண்டினார். ஒரு முழத்தில் கறுப்பு தீர்ந்தது. அடியில் செம்மண், நசுங்கிய மத்தி மீன் டப்பா ஒன்று. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

சேதி கேட்டு ஓடி வந்த மெல்ச்சோருக்குச் சிரிப்பு வரவில்லை. "வாயை மூடிக்கிட்டு இருந்தா என்னக்கா? நல்லா இருந்த மனுஷன் பேரும் போச்சு, ஊர் பொழப்பும் போச்சு."

"தோண்டிப் பாத்து ஒண்ணுமில்லன்னு தெரியறதுக்குள்ள எத்தனை பேர் வேலையை விட்டுட்டு ஓடி வருவாங்க? உன் மகன் துபாய்லேர்ந்து கிளம்பறேன்னு சொன்னானா இல்லையா?"

மெல்ச்சோர் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மேட்டை நோக்கி வேகமாக நடந்தார்.

ஒரு மாதம் ஊர் முறைத்தது. பழம் வாங்கவும் ஆள் வரவில்லை. பிறகு ஒரு கிண்டல்காரன் வந்து, "ஒரு கல்லுகூடச் சிந்தாத டிரைவராமே?" என்றான்.

"ஒரு கல்லு சிந்தினதே இல்ல. சிந்தினா ஒன்பது டன்தான்," என்றாள் அக்கா. அந்தப் பதில் மாலைக்குள் ஊர் சுற்றிவிட்டது. கடை முன் மறுபடி கூட்டம் சேர்ந்தது.

இந்த வருடம் இலாகன் மாணவர்களை நேராக ஏழாம் வளைவுக்குத்தான் கூட்டிப் போனார். இடத்தில் பிறந்த தாதுவையும் வந்து சேர்ந்த தாதுவையும் பிரித்தறிவது எப்படி என்று அக்கா ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாள். அவர் பின்வரிசையில் நின்று குறிப்பெடுத்தார். ஒரு மாணவி எழுந்து, கல்லை மண்போட்டு மூடும்போது பயமாக இல்லையா என்று கேட்டாள்.

"பயமா? அவர் அந்தப் பக்கம் அழுதுக்கிட்டே மண்ணள்ளினார். நான் இந்தப் பக்கம் திட்டிக்கிட்டே அள்ளினேன். எந்தப் பக்கம் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்னு நீயே சொல்லு."